116 ஆட்டம் ஜெயித்த அணிக்குக் கோப்பை ஏன் கிடைக்கவில்லை?

வாசகர் கேள்வி - விளையாட்டுப் பகுதி

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் மில்வாக்கியில் வேலை பார்க்கிறான். 2025-ல் அவன் ஊர் பேஸ்பால் அணியான புரூவர்ஸ்தான் எல்லா அணிகளையும் விட அதிக ஆட்டம் ஜெயித்தது. ஆனால் அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் அணியான டாட்ஜர்ஸிடம் நாலுக்கு நாலும் தோற்றது. போன் பண்ணினால் இன்னும் அதையே சொல்லிப் புலம்புகிறான். நன்றாக ஆடிய அணி ஒரே வாரத்தில் எப்படிக் கெட்டுப்போகும்?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அணி கெட்டுப்போகவில்லை அம்மா. அது எதிர்கொண்ட ஆட்டம்தான் மாறிவிட்டது. உங்கள் மகனின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. லீக் சுற்றில் புரூவர்ஸ் 97 ஆட்டம் ஜெயித்தது. அதே டாட்ஜர்ஸை ஜூலையில் ஆறு முறை சந்தித்து ஆறிலும் வென்றது. அக்டோபரில் நாலு ஆட்டத்திலும் சேர்த்து அது எடுத்தது நாலே ரன், ஆட்டத்துக்கு ஒன்று.

காரணம் பந்து எறியும் பிட்சர்கள். பேஸ்பாலில் முதலில் இறங்கும் பிட்சர் 90, 100 பந்து எறிந்தால் அடுத்த நாலைந்து நாள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். 162 ஆட்டம் கொண்ட லீக் சுற்றில் அநேகமாகத் தினமும் ஆட்டம் இருப்பதால், அணிக்கு ஐந்து பேர் தேவை. ஐந்தாவது ஆளும் உருப்படியாக எறிகிற அணிதான் பட்டியலில் மேலே போகும். லீக் சுற்று முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் நடுநடுவே ஓய்வு நாள் வருவதால் மூன்று, நாலு பேரே போதும். அதனால் ஆழமான அணியின் அனுகூலம் சுருங்கிவிடுகிறது. உச்சத்தில் நாலு பேரை வைத்திருக்கும் அணி பலம் பெறுகிறது. ஜூலையில் டாட்ஜர்ஸ் பிட்சர் ஸ்னெல் தோள் காயத்தால் ஒதுங்கியிருந்தார். பந்தும் எறிந்து மட்டையும் பிடிக்கும் ஓடானி அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்போதுதான் சில இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) மட்டும் எறியத் தொடங்கியிருந்தார். அக்டோபரில் ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ் எறிந்தார், இன்னொரு பிட்சர் யாமாமோட்டோ ஆட்டம் முழுவதையும் தானே எறிந்து முடித்தார். கடைசி ஆட்டத்தில் ஓடானி பத்துப் பேரைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட்டாக்கி (ஸ்ட்ரைக் அவுட்), நம் சிக்ஸர் போன்ற ஹோம் ரன்னும் மூன்று அடித்தார். பெயர்தான் ஜூலையில் பார்த்த டாட்ஜர்ஸ், ஆட்கள் வேறு.

மட்டை பக்கமும் ஒன்று உண்டு. சராசரி .300 வைத்திருக்கும் உயர்ந்த பேட்டருக்கும் பத்தில் ஏழு முறை ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது) கிடைப்பதில்லை. நம் கிரிக்கெட்டில் ஒரு நல்ல பேட்டர் நிலைத்துவிட்டால் இருபது ஓவரும் அவர் கையில். இங்கே ஒன்பது பேரும் வரிசையாக வந்தாக வேண்டும், ஒருவருக்கு ஆட்டத்துக்கு நாலைந்து வாய்ப்புதான். நன்றாக அடித்த பந்து நேரே ஃபீல்டர் கைக்குப் போவதும், மட்டை நுனியில் பட்ட பந்து இருவருக்கு நடுவே விழுவதும் ஒரு வாரத்தில் ஈடாகாது. ஆறு மாதத்தில்தான் ஈடாகும்.

கேள்வி: பெரிய அணி தோற்றாலே ‘பேசி வைத்த ஆட்டம்’ என்கிறார்கள் நண்பர்கள். அப்படி இருக்குமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஒருமுறை நடந்தது. 1919-ல் கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் சிகாகோ வொயிட் சாக்ஸ் சின்சினாட்டியிடம் தோற்றதன் பின்னால் சூதாட்டப் பணம் இருந்தது. 1921-ல் எட்டு வீரர்களுக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். ஆனால் பெரிய அணி தோற்கச் சதி தேவையில்லை என்பதைக் கணக்கே காட்டும்.

எதிரணியைவிடக் கொஞ்சம் பலமான அணி, ஒவ்வொரு ஆட்டத்திலும் 55 சதவீத வாய்ப்போடு இறங்குகிறது என்று வையுங்கள். மூன்று ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு 57 சதவீதம். ஐந்து ஆட்டத் தொடரில் 59, ஏழு ஆட்டத் தொடரில் 61. முதல் சுற்றில் ஆடாமல் ஓய்வு பெறும் முன்னணி அணி, கோப்பைக்கு ஓர் ஐந்து ஆட்டத் தொடரும் இரண்டு ஏழு ஆட்டத் தொடரும் தாண்ட வேண்டும். மூன்றையும் பெருக்கினால் 22 சதவீதம்தான் வருகிறது. வலுவான அணி என்று ஊரே சொல்லும் அணிக்கும் ஐந்தில் நாலு தடவை ஏமாற்றமே. இந்தச் சின்ன அனுகூலத்தை 90 சதவீத உறுதியோடு நிரூபிக்க, இரு அணியும் சுமார் 160 ஆட்டம் மோத வேண்டும், அதாவது ஒரு முழு லீக் சுற்று!

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவில் இருபது புளியங்கொட்டை எடுத்து, பதினொன்றில் வெள்ளை மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். சுண்ணாம்பு தடவினால் கை தொட்டதும் தெரிந்துவிடும், கணக்கு கெடும். சொம்பில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுங்கள். புள்ளி இருந்தால் பெரிய அணிக்கு வெற்றி. எடுத்த கொட்டையைத் திரும்பப் போட்டுவிட்டே அடுத்ததை எடுக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். திரும்பப் போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் விகிதம் மாறிவிடும். முதலில் மூன்று வெற்றி பெறுவது யாரோ அவருக்குத் தொடர். நூறு தொடர் ஆடினால் பெரிய அணிக்கு 59 பக்கம் வரும். 50 வந்தாலும் 68 வந்தாலும் ஆச்சரியமில்லை. பத்துத் தொடரோடு நிறுத்தியவர் எந்த முடிவுக்கும் வர முடியாது.

நடந்ததும் இதேதான். 1906-ல் சிகாகோ கப்ஸும் 2001-ல் சியாட்டில் மரைனர்ஸும் 116 ஆட்டம் வென்றன, இரண்டுக்கும் கோப்பை இல்லை. 2006-ல் 83 வெற்றியோடு வந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கோப்பையை எடுத்துப் போனது. 2023 அக்டோபர் 10, 11, 12 என மூன்றே நாளில் ஓரியோல்ஸ் (101 வெற்றி), டாட்ஜர்ஸ் (100), பிரேவ்ஸ் (104) மூன்றும் வெளியேறின. டாட்ஜர்ஸை வீழ்த்திய அரிசோனா லீக் சுற்றில் வென்றது 84 ஆட்டம். அதுதான் இறுதிப் போட்டி வரை போனது.

பெரிய அணி ஜெயிக்கவே ஜெயிக்காது என்றும் எண்ண வேண்டாம். 1998-ல் யாங்கீஸ், 2016-ல் கப்ஸ், 2018-ல் ரெட் சாக்ஸ், 2024-ல் டாட்ஜர்ஸ் என லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணிகளும் கோப்பை வென்றிருக்கின்றன.

கேள்வி: முதல் சுற்றில் ஆடாமல் ஐந்து நாள் ஓய்வெடுக்கும் அணிகளுக்கு ‘கை துருப்பிடித்துவிடுகிறது’ என்பது உண்மையா?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அமெரிக்க பேஸ்பால் அணிகள் இரண்டு லீக்காகப் பிரிந்திருக்கின்றன. 2022-லிருந்து ஒவ்வொரு லீக்கிலும் ஆறு அணி பிளேஆஃபுக்குப் போகிறது. அதில் முதல் இரண்டுக்கு ஓய்வு. 2025 வரை நாலு ஆண்டில் ஓய்வு பெற்ற அணிகள் ஆடிய ஐந்து ஆட்டத் தொடர்கள் 16, வென்றவை 9. மேலே சொன்ன 59 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 2023-ல் நாலில் மூன்று அணி தோற்றதால் எழுந்த பேச்சு இது. அடுத்த இரண்டு ஆண்டிலும் நாலில் மூன்று வென்றபோது யாரும் துருவைப் பற்றிப் பேசவில்லை. ஓய்வு இல்லாமல் முதல் சுற்றின் மூன்று ஆட்டத் தொடரையும் கூடுதலாகத் தாண்ட வேண்டியிருந்தால் அந்த 22 சதவீதம் 13-க்கு இறங்கிவிடும். ஓய்வு வேண்டாம் என்று எந்த அணியும் சொல்லக் கூடாது.

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரையில் எட்டு அணி வைத்து டென்னிஸ் பந்துப் போட்டி நடத்துகிறோம். நாக்-அவுட் என்பதால் நல்ல அணி முதல் நாளே போய்விடுகிறது, பார்க்க வருகிறவர்களும் கலைந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
- இளைஞர் குழு, கடலூர்

பதில்: நாக்-அவுட்டில் மொத்தம் ஏழே ஆட்டம். இரண்டு பிரிவாக, நாலு நாலு அணி வையுங்கள். பிரிவுக்கு ஆறு வீதம் 12 ஆட்டம். பிறகு ஐபிஎல் முறை. இரு பிரிவிலும் முதலிடம் பெற்றவர்கள் மோதி, ஜெயித்தவர் நேரே ஃபைனலுக்குப் போகட்டும். தோற்றவர், இரண்டாமிடக்காரர்கள் மோதியதில் வென்றவருடன் இன்னொரு முறை ஆடட்டும். ஃபைனலோடு சேர்த்து 16 ஆட்டம். எட்டு ஓவர் ஆட்டம், இரண்டு பிட்ச் என்றால் இரண்டு ஞாயிறு போதும். சமப் புள்ளி வந்தால் நேருக்கு நேர் முடிவா, ரன் ரேட்டா என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: வேர்ல்டு சீரிஸ் நேரலை நம் ஊர் நேரத்துக்கு எப்போது? அலுவலகம் போவதற்குள் முடியுமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5:30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு 6:30. பெரும்பாலான ஆட்டம் மூன்று மணி நேரத்தை ஒட்டி முடியும். ஆனால் ஆட்டம் சமநிலையானால் பிளேஆஃபில் கூடுதல் இன்னிங்ஸுக்கு வரம்பு இல்லை. லீக் சுற்றில் போல இரண்டாம் பேஸில் (ரன் எடுக்கும் பாதையின் நடுவில்) ஓட்டக்காரரை இலவசமாக நிறுத்துவதும் கிடையாது. 2025 வேர்ல்டு சீரிஸின் மூன்றாம் ஆட்டம் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம் ஓடியது. ஒன்பது மணிக்கு வேலை இருப்பவர் மீதியைப் பதிவாகப் பார்க்கத் தயாராக இருங்கள். அதுவரை ஸ்கோர் தெரியாமல் இருக்க, போன் நோட்டிஃபிகேஷனை முதல் நாள் இரவே அணைத்துவிடுங்கள்.