வாழ்நாள் வாரன்டி யாருடைய வாழ்நாளுக்கு?

கேள்வி: என் மவுன்டன் பைக்கின் அலுமினிய ஃபிரேமில், சீட் டியூப் (சீட்டைத் தாங்கும் கம்பி இறங்கும் குழாய்) வெல்டிங் ஓரமாக மெல்லிய கோடு விழுந்திருக்கிறது. ‘வாழ்நாள் வாரன்டி’ சொல்லித்தான் விற்றார்கள். புது வண்டி தருவார்களா?

பதில்: முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். அலுமினிய விரிசல் சொல்லிக்கொண்டு வளராது. அழுக்கைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். பெயின்டைச் சுரண்டாதீர்கள். நான் ஒருமுறை சுரண்டிவிட்டு, “இது நீங்களே செய்ததா?” என்ற கேள்விக்குத் திருதிருவென்று விழித்தேன்.

அந்த ‘வாழ்நாள்’ பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும், அதுவும் தயாரிப்புக் குறைக்கு மட்டும். விழுந்த அடி சேராது. சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்டில், குறைந்தது இவ்வளவாவது குழாய்க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கோடு இருக்கும்; அது வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கி ஓட்டினீர்களா? உங்கள் விரிசல் இருக்கும் இடத்துக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள். பில்லும், பெரும்பாலும் பெடல் கைகளை இணைக்கும் அச்சு செல்லும் இடத்தில், ஃபிரேமின் அடியில் பொறித்திருக்கும் சீரியல் நம்பரும் தயாராக இருக்கட்டும்.

சரி, ஒப்புக்கொண்டாலும் வருவது பொதுவாக வெறும் ஃபிரேம்தான். நிறம் மாறலாம், பழைய சக்கரம் பொருந்தாமல் போகலாம், மாட்டும் கூலி உங்கள் தலையில் விழலாம். அதையெல்லாம் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

வெல்டிங் பட்டறைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். சூடு பட்ட இடத்தில் அலுமினியம் பலமிழக்கும், வாரன்டியும் போய்விடும்.