வால் இல்லாமல் பிறக்கும் பூனை

கேள்வி: வெளிநாட்டுப் பூனை ஒன்றின் படத்தில் வால் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வாலை நறுக்கிவிடுகிறார்களா, பிறவியே அப்படியா? வால் இல்லாமல் அதனால் மதில் மேல் நடக்க முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் பார்த்தது மேங்க்ஸ் பூனையாக இருக்கலாம். அதன் வாலை யாரும் நறுக்குவதில்லை, பிறவியே அப்படித்தான். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள கடலில், சுமார் 572 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேன் தீவே இதன் தாயகம். நோவாவின் பேழையில் கடைசியாக ஏறியபோது கதவிடுக்கில் சிக்கி வாலை இழந்தது என்று அத்தீவினர் கதை சொல்வார்கள். என்றோ ஒரு பூனையிடம் தோன்றிய மரபணு மாற்றம், வெளிப்பூனைகள் அதிகம் வந்து கலக்காத சிறிய தீவு என்பதால், தலைமுறை தலைமுறையாக அங்கேயே பரவி நிலைத்துவிட்டது என்பதே உண்மைக் காரணம். 1970இல் தங்கள் நாணயத்திலேயே அதன் உருவத்தைப் பொறிக்கும் அளவுக்குத் தீவினருக்கு அதன்மீது பெருமை உண்டு.

ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. வாலே இல்லாததை ரம்பி என்றும், கூழைவால் உள்ளதை ஸ்டம்பி என்றும், ஏறக்குறைய முழுவால் உள்ளதை லாங்கி என்றும் வளர்ப்போர் அழைக்கிறார்கள். மதில் மேல் நடப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். நலமாகப் பிறந்த மேங்க்ஸ் நன்றாகத் தாவும், எலி பிடிப்பதிலும் பெயர் பெற்றது. கவலைப்பட வேண்டியது வேறொன்று.

இந்த மாற்றம் நிகழ்ந்திருக்கும் மரபணு, கருவில் முதுகெலும்பு உருவாவதிலும் பங்கு வகிப்பது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெறும் கரு பிறப்பதற்கு முன்பே இறந்துவிடும். வாலற்ற இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு கரு இப்படி அழிகிறது. பிறந்தவற்றிலும் சில குட்டிகளுக்குத் தண்டுவடம் சரியாக மூடாமல், பின்னங்கால்கள் வலுவிழந்து, சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாமல் போகும். பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே இது வெளிப்பட்டுவிடும் என்பதால், பொறுப்புள்ளவர்கள் நான்கு மாதம் ஆகும்வரை குட்டியைக் கைமாற்றுவதில்லை. அழகுக்காக வாலற்றவற்றையே மீண்டும் மீண்டும் இணைசேர்ப்பது, தெரிந்தே குட்டிகளை நோவுக்கு ஆளாக்குவது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்படியானால் ஜப்பானின் குட்டைவால் பூனைக்கும் இந்த ஆபத்து உண்டா? பினாங்குத் தெருக்களில் வால் வளைந்த பூனைகளை நிறையப் பார்க்கிறோமே?
– ஒரு வாசகர், பினாங்கு

பதில்: ஜப்பானின் பாப்டெயில் பூனையில் மாறியிருப்பது வேறொரு மரபணு. அதன் வால் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. முயல்வால்போலச் சுருண்டு, முடி மூடிய குஞ்சமாக நிற்கும். இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்ற குட்டியும் உயிரோடு பிறந்து வளர்கிறது. மேங்க்ஸுக்கு வரும் தண்டுவடக் கோளாறும் இதற்கு வருவதில்லை. உங்கள் ஊரில் காணும் குட்டைவாலும் வளைந்த வாலும் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்துத் தெருப்பூனைகளிடம் நெடுங்காலமாகவே இருந்து வருபவை. அந்த வளைவு எலும்பிலேயே அமைந்தது என்பதால், குழந்தைகள் அதை நிமிர்த்திப் பார்க்க இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.