எண்ணூர் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் தூண்டிலுக்குக் கொடுவா கிடைக்குமா? எங்கே, எப்போது தேடுவது?

கிடைக்கும். ஆனால் கரை நெடுகத் தூண்டில் வீசிக்கொண்டே போனால் கீச்சானும் கெளுத்தியும்தான் வரும். கொடுவா நெடுந்தூரம் துரத்தி வேட்டையாடும் மீன் இல்லை. ஓடுகிற தண்ணீரை ஒட்டி, ஓட்டம் தன் மேல் படாத ஒரு மறைவில் நிற்கும். எதிரே வருவதைச் சட்டென்று வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நீங்கள் தேட வேண்டியது மீனை இல்லை, அது நிற்கக்கூடிய இடத்தை.

முதலில் முகத்துவாரத்தைப் பார்த்துவிடுங்கள். கோடையில் அங்கே மணல் தூர்ந்துபோகும். வாய் அடைந்துவிட்டால் கடல்நீர் உள்ளே ஏறும் ஏற்றமும் இல்லை, இறங்கும் வற்றமும் இல்லை. தேங்கிய தண்ணீரில் கொடுவா அரிதாகத்தான் வாயைத் திறக்கும். அன்றைக்குத் திரும்பிவிடலாம்.

வாய் திறந்திருந்தால் சென்னைத் துறைமுகத்தின் ஓத அட்டவணையை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 1 மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமி வாக்கில் அதில் பாதிகூட இருக்காது. நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்னொன்று, அட்டவணை நேரம் கடலோரத்துக்கானது. உள்ளே போகப்போகத் தாமதம் கூடும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் இறங்கத் தொடங்கும் நேரத்தைக் குறித்துவையுங்கள். அந்த வித்தியாசம் தெரியாததால்தான் பலர் நல்ல நேரம் முடிந்த பிறகு வந்து நிற்கிறார்கள்.

நல்ல நேரம் என்பது வற்றத்தின் கடைசி 2 மணி நேரமும் அடுத்த ஏற்றத்தின் தொடக்கமும். சேற்றுத் திட்டுகளும் அலையாத்திச் செடிகளின் அடியும் வற்றும்போது, அங்கே மேய்ந்த இறாலும் மடவைக் குஞ்சும் வேறு வழியின்றி சின்னச் சின்ன ஓடைகள் வழியாக ஆற்றுக்குள் இறங்கும். அந்த ஓடை வாயிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, ஆழம் தொடங்கும் விளிம்பில் கொடுவா நிற்கும். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் இடையிலான ரயில் பாலத்தைப் போன்ற இடங்களில் தூணின் பின்புறத்தைக் கவனியுங்கள். இரவில் விளக்கொளியும் நிழலும் சேரும் கோட்டில், நிழல் பக்கமாக நிற்கும். மடவைக் கூட்டம் திடீரென்று சிதறுவது, 'டொப்' என்று கனமாக ஒரு சத்தம், இரண்டும் கொடுவாவுக்கு அடையாளம். எதுவும் இல்லையென்றால் கால் மணி நேரம் பார்த்துவிட்டு இடம் மாறுங்கள். வீசுவதைவிடப் பார்ப்பதற்கு அதிக நேரம் கொடுப்பவருக்குத்தான் இந்த மீன்.

தவிர்க்க வேண்டிய இடங்களும் உண்டு. அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் கலக்கும் பகுதியில் ஆக்ஸிஜன் குறைவு. தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கேயும் வேண்டாம். சாம்பல் படிந்த சேறு மேலே கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் உள்வாங்கும். தனியாக இறங்கவே கூடாது. மழைக்காலத்தில் முதல் வெள்ளம் கால்வாய்களின் கழிவையெல்லாம் வாரிக்கொண்டு வரும். சில நாள் போகட்டும். பிறகு புழல் ஏரியின் உபரிநீர் வந்து சேரும் சடையங்குப்பம் பக்கம், செம்மண் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சந்திக்கும் கோடு நன்றாகத் தெரியும். அந்தக் கோட்டை ஒட்டி வீசுங்கள்.

கருவி எளிது. 7 அடி ராடு, 3000 அல்லது 4000 அளவு ரீல், 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு). அதன் முனையில், உரசலைத் தாங்க, 40 பவுண்டு நைலான் நரம்புத் துண்டு (லீடர்), குறைந்தது 1 மீட்டர். லீடர் இல்லாமல் போகாதீர்கள். கொடுவாவின் வாய் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, செவுள்மூடியின் ஓரம் கத்தி. போதாததற்கு இப்போது ஆற்றடியெங்கும் காக்கா ஆழி பரவிக் கிடக்கிறது. தென், மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி, இறால் தங்கும் சேற்றையும் மஞ்சள் மட்டிப் படுகையையும் மூடி, இங்கே தொழில் செய்பவர்களின் வயிற்றில் அடிக்கிறது. பிரெய்டு அதன் மேல் ஒருமுறை உரசினாலே போதும், அறுந்துவிடும். கனமான ஈயக்குண்டு போட்டு அடியில் கிடத்தும் பழைய முறை அதனால்தான் இங்கே சரிப்படாது.

உயிர் இரைக்கு 10 செ.மீ. மடவை; மேலுதட்டில் தூண்டில் முள்ளைக் கோர்க்க வேண்டும். இறாலென்றால் தலைக் கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல். அதில் குத்தினால் இறால் உடனே செத்துவிடும். 4/0 அல்லது 5/0 அளவு சர்க்கிள் முள் (முனை உள்நோக்கி வளைந்தது) போதும். கடித்ததும் ராடை வெட்டி இழுக்காதீர்கள்; வாயிலிருந்து முள் வெறுமனே வந்துவிடும். ரீலைச் சுற்றி நரம்பை இறுக்கினால் முள் தானே வாயோரத்தில் மாட்டும். மீன் துள்ளித் தலையை உதறும்போது ராடு முனையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள், இல்லையென்றால் முள் கழன்றுவிடும்.

வலை கட்டியிருக்கும் இடத்தில் குறுக்கே வீசாதீர்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்களுக்கு அது சோறு. "அண்ணே, இங்க வீசலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் வலை எங்கே கிடக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள்.

பெரிய கொடுவா கிடைத்தால் விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கொடுவா ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும். பெரியதை எடுப்பது சினைமீனை எடுப்பதுதான். இந்த ஆற்று மீனில் கன உலோகங்கள் இருப்பதையும் ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்ததையும் எல்லோரும் பார்த்தோம். விடும்போது தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல், வயிற்றுக்கும் கை கொடுங்கள். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருங்கள். வாலை அடித்துத் தானாக உதறிப் போகும்வரை கையை எடுக்க வேண்டாம்.