தள்ளி வரைந்த சராசரியும் பேக்டெஸ்ட்டும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: பங்கு விலைச் சார்ட்டுகளை ஆராய உதவும் அமிபுரோக்கர் மென்பொருளில் 3 நாள் நகரும் சராசரியை (கடைசி 3 நாள் முடிவு விலைகளின் சராசரி) 3 பார்கள் (தினசரி சார்ட்டில் ஒரு பார் என்பது ஒரு நாள்) வலப்புறம் தள்ளி வரைந்திருக்கிறேன். கோடு சரியாக நகர்ந்துவிட்டது. ஆனால் வாங்கும், விற்கும் அம்புக்குறிகள் விலை அந்தக் கோட்டை வெட்டும் இடத்தில் விழாமல் வேறெங்கோ விழுகின்றன. வேறொரு பாரின் மதிப்பை எடுத்துத் தரும் ரெஃப் செயற்கூறில் 3 என்று கொடுத்துப் பார்த்தபோது பேக்டெஸ்ட்டில் (பழைய விலைகளில் உத்தியைச் சோதிப்பதில்) லாபம் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்துவிட்டது. இதில் எது சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை. முதலாவதில் கோடு மட்டும் நகர்ந்திருக்கிறது, கணக்கு நகரவில்லை. இரண்டாவதில் கணக்கு நகர்ந்திருக்கிறது, ஆனால் எதிர்த்திசையில்.

அமிபுரோக்கரின் ப்ளாட் செயற்கூறில் உள்ள எக்ஸ்‌ஷிஃப்ட் என்ற அளபுரு, திரையில் கோட்டை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. மாறியில் சேமிக்கப்பட்ட எண்களை அது தொடுவதே இல்லை. ஆகவே வாங்கும் நிபந்தனையில் அதே மாறியை, ஒன்று மற்றொன்றை மேல்நோக்கி வெட்டுகிறதா என்று பார்க்கும் கிராஸ் செயற்கூறுக்குக் கொடுத்தால், மென்பொருள் தள்ளப்படாத பழைய சராசரியுடன்தான் விலையை ஒப்பிடும். நீங்கள் பார்ப்பது ஒரு கோடு, பேக்டெஸ்ட் பார்ப்பது இன்னொரு கோடு.

கணக்கிலேயே தள்ள வேண்டுமானால் ரெஃப் செயற்கூறுதான் வழி. அதில் கொடுக்க வேண்டிய எண் -3. கோட்டை வலப்புறம் தள்ளுவதென்றால், மூன்று பார்களுக்கு முன்பு கணக்கிட்ட சராசரியை இன்றைய பாரின் மேல் வைப்பது என்று பொருள். ரெஃப் செயற்கூறில் குறை எண் கடந்த காலத்தையும் கூட்டல் எண் எதிர்காலத்தையும் குறிக்கும். எக்ஸ்‌ஷிஃப்ட்டிலோ கூட்டல் 3 கொடுத்தால்தான் கோடு வலப்புறம் போகும். ஒரே மென்பொருளுக்குள் ஒரே வேலைக்கு இரண்டு குறிகள் என்பதால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது.

எட்டு நாள் முடிவு விலைகளை எடுத்துக்கொள்வோம்: 100, 102, 104, 103, 107, 110, 108, 105. மூன்று நாள் எளிய சராசரி மூன்றாம் நாளிலிருந்து கிடைக்கும்: 102, 103, 104.67, 106.67, 108.33, 107.67. எட்டாம் நாளில் தள்ளப்படாத சராசரி 107.67, விலை 105 என்பதால் சராசரிக்குக் கீழே முடிந்திருக்கிறது. 3×3 (3 நாள் சராசரி, 3 பார் தள்ளல்) என்று அழைக்கப்படும் தள்ளிய சராசரியோ அன்று ஐந்தாம் நாளின் மதிப்பான 104.67-ஐக் காட்டும், விலை இன்னும் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஏறுமுகத்தின் நடுவே வரும் சிறு இறக்கத்தில் அவசரப்பட்டு வெளியேறாமல் இருக்கத்தான் இந்தத் தள்ளலே. உங்கள் அம்புக்குறிகள் இடம் மாறி விழுந்ததற்கும் இந்த இரு மதிப்புகளுக்கு இடையிலான வித்தியாசமே காரணம்.

இப்போது கூட்டல் 3 கொடுத்ததன் விளைவைப் பாருங்கள். ஐந்தாம் நாளில் நிரல் எட்டாம் நாளின் 107.67-ஐ எடுத்துக்கொள்கிறது, அதாவது ஆறு, ஏழு, எட்டாம் நாட்களின் முடிவு விலைகள் ஐந்தாம் நாளிலேயே தெரிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறது. வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதியவரின் மதிப்பெண் போன்றதுதான் அந்த லாபம். இந்தத் தவற்றை அடையாளம் காண எளிய வழியும் உண்டு: ரெஃப் மூலம் பெற்ற மாறியை எக்ஸ்‌ஷிஃப்ட் இல்லாமல் வரைந்தால், கடைசி மூன்று பார்களில் கோடு இருக்காது. நிரல் எடிட்டரில் உள்ள நிரல் சோதனை வசதியும் எதிர்கால விலைகள் பயன்படுத்தப்பட்டிருந்தால் எச்சரிக்கும். பேக்டெஸ்ட் ஓட்டுவதற்கு முன் அதை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

நான் பரிந்துரைக்கும் அமைப்பில் இரண்டு மாறிகள் இருக்கும். முதலாவது தள்ளப்படாத சராசரி. இரண்டாவது அதன் மேல் ரெஃப் செயற்கூறை -3 என்று போட்டுப் பெற்றது. நிபந்தனைகள், ஸ்கேன் (நிபந்தனைக்குப் பொருந்தும் பங்குகளைத் தேடுவது), பேக்டெஸ்ட் எல்லாவற்றிலும் இரண்டாவதை மட்டும் பயன்படுத்துங்கள். திரையில் வரைவதற்கு முதலாவதை எடுத்து எக்ஸ்‌ஷிஃப்ட் 3 கொடுங்கள். ஏற்கனவே தள்ளிய மாறிக்கே எக்ஸ்‌ஷிஃப்ட்டும் கொடுத்துவிட்டால் கோடு ஆறு பார்கள் நகர்ந்துவிடும். சார்ட்டில் பார்த்த மாத்திரத்தில் இது தெரியாது என்பதுதான் ஆபத்து.

வரைவதற்கு எக்ஸ்‌ஷிஃப்ட்டை நான் விடாததற்குக் காரணம், கோடு கடைசிப் பாரையும் தாண்டி நீளும் என்பதே. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் எட்டாம் நாள் மாலையிலேயே ஒன்பதாம் நாளுக்கான மதிப்பு 106.67, பத்தாம் நாளுக்கு 108.33, பதினொன்றாம் நாளுக்கு 107.67 என்று தெரிந்துவிடுகிறது. இது கணிப்பு அல்ல. ஏற்கனவே முடிந்துபோன சராசரிகள்தான். ஆனாலும் நாளை எந்த விலைக்குக் கீழே போனால் வெளியேற வேண்டும் என்பதை இன்றே குறித்துவைக்க முடிவது, என் மதிப்பீட்டில், இந்தக் கருவியின் மிகப் பெரிய பயன். திரையின் வலப்பக்கம் சில வெற்றுப் பார்களுக்கு இடம் விட்டிருந்தால்தான் அந்தப் பகுதி கண்ணில் படும்.

முடிவு விலை கோட்டை வெட்டியதா என்பது சந்தை மூடிய பிறகே தெரியும். சராசரியைத் தள்ளியிருக்கிறோமே என்று இதை மறந்துவிடக் கூடாது. பேக்டெஸ்ட் அமைப்பில் ஒரு பார் தாமதம் வைத்து மறுநாள் தொடக்க விலையில் வாங்குவதாகவே சோதியுங்கள்.

டிரேடிங்வியூ சார்ட் தளத்தின் நிரல் மொழியான பைன் ஸ்கிரிப்ட்டுக்கு மாறினாலும் இதே பிரிவினை உண்டு. அங்கே ஆஃப்செட் என்பது வரைவதற்கு மட்டும். கணக்குக்குச் சதுர அடைப்புக்குறிக்குள் 3 என்று எழுத வேண்டும். அங்கே கடந்த காலத்துக்குக் கூட்டல் எண்தான் என்பதை நினைவில் வையுங்கள். மெட்டாஸ்டாக் மென்பொருளில் அமிபுரோக்கரைப் போலவே குறை எண்.

வர்த்தகர் ஜோ டினாபோலி பயன்படுத்திய 7×5, 25×5 ஆகிய அமைப்புகளுக்கும் இதே நிரல் போதும், எண்களை மட்டும் மாற்றினால் சரி. வர்த்தகர் பில் வில்லியம்ஸின் அலிகேட்டர் என்ற மூன்று கோட்டுக் குறிகாட்டியில் 13 பார் சராசரிக்கு 8, 8-க்கு 5, 5-க்கு 3 என்று தள்ளல் இருக்கிறது. ஆனால் அது எளிய சராசரி அல்ல, உச்ச விலைக்கும் தாழ்ந்த விலைக்கும் நடுவிலுள்ள மதிப்பின் மேல் எடுக்கப்படும் மென்மையாக்கப்பட்ட சராசரி. அமிபுரோக்கரில் அதற்கு வைல்டர்ஸ் செயற்கூறைப் பயன்படுத்தலாம்.

வாராந்திர 3×3-ஐத் தினசரி சார்ட்டில் காட்ட விரும்பினால், தள்ளலை வார அளவுக்குச் சுருக்கிய நிலையிலேயே செய்துவிட்டு அதன்பின் தினசரி பார்களுக்கு விரிக்க வேண்டும்; விரித்த பிறகு தள்ளினால் மூன்று வாரங்களுக்குப் பதில் மூன்று நாட்களே தள்ளப்படும்.

கடைசியாக, தரவு. 1:1 போனஸ் (ஒரு பங்குக்கு ஒரு இலவசப் பங்கு, அதனால் விலை ஏறத்தாழ பாதியாகும்) வந்து பழைய விலைகள் திருத்தப்படாமல் இருந்தால், 25×5 கோடு முதல் ஐந்து பார்கள் எதுவும் நடக்காததுபோல் பழைய உயரத்திலேயே நிற்கும்; முப்பதாவது பாரில்தான் முழுமையாகச் சீராகும். அந்த இடைவெளியில் வரும் சிக்னல்களை நம்பாமல், விலைத் தரவைத் திருத்திவிட்டு ஸ்கேனை மறுபடி ஓட்டுங்கள்.