எதற்கும் ஆசைப்படாத அம்மா

மதிப்பிற்குரிய ஐயா,

என் அம்மா சென்ற மாசியில் காலமானார். வருகிற மாசியில் முதலாம் ஆண்டுத் திதி. அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சிட நினைக்கிறோம். அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவருக்குப் போட்ட மலரில் 48 பக்கங்கள் எளிதாக நிறைந்தன. அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் வரவில்லை. வேலைக்குப் போனதில்லை. வீடு, சமையல், பிள்ளைகள் என்றே இருந்துவிட்டார். ஐந்தாவதோடு படிப்பை விட்டவர். தனக்கென்று எதற்கும் ஆசைப்பட்டதில்லை, தியாகத்தின் உருவம். இதைக் கவிதையாக எழுதினால் சிறப்பாக இருக்குமா? தனிப் படம் இல்லை, குழுப் படத்திலிருந்து வெட்டி எடுக்கலாமா? அம்மாவின் தங்கை, எண்பது வயதைத் தாண்டியவர், ராஜபாளையத்தில் இருக்கிறார். அவரிடம் ஓர் அஞ்சலி உரை வாங்கிப் போடலாமா? தங்கள் ஆலோசனை வேண்டும்.

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி. முதல் வருடம் கஷ்டமானது. ஆடி, தீபாவளி, பொங்கல் என்று ஒவ்வொன்றும் அவர் இல்லாமல் முதல் தடவையாக வரும். அந்தத் துக்கத்துக்கு நடுவில் அவருக்காக ஒரு மலர் கொண்டுவர நினைத்திருக்கிறீர்களே, அதற்காகவே உங்கள் மேல் பிரியம் வருகிறது. அந்தப் பிரியத்தில்தான் கொஞ்சம் கோபமாகவும் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவிதையா, உரைநடையா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. எது உங்களுக்குக் கைவருமோ அதில் எழுதுங்கள். படத்தை வெட்ட வேண்டாம், குழுவோடு அப்படியே போடுங்கள். மற்றதை அச்சகத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தனக்கென்று எதற்கும் ஆசைப்பட்டதில்லை என்கிறீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? என்றைக்காவது கேட்டீர்களா? கொஞ்ச காலமாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்க்கிறேன், பதினாறாம் நாள் காரியத்தில் கையில் கொடுக்கும் அட்டையைப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே அம்மாதான் இருக்கிறார். பெயரையும் படத்தையும் மாற்றிக்கொண்டால் தெருவில் எந்த வீட்டுக்கும் பொருந்தும். அப்பாக்களுக்கு மட்டும் ஊர் ஊராக மாற்றலான வருடமும், பதவி உயர்வு கிடைக்காத வருத்தமும், வாங்க நினைத்த மனையும் தனித்தனியாக இருக்கின்றன. அப்பாவின் ஆசைகள் வீட்டில் சத்தமாகப் பேசப்பட்டன, அதனால் உங்கள் காதில் விழுந்தன.

என் அம்மா கோவில்பட்டியில் வாழ்ந்தவள். எங்கள் வீட்டில் பெரியப்பா குடும்பமும் சேர்த்து ஏகப்பட்ட பேர். கொல்லைப்புறத்தில் ஆட்டுக்கல். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த பிறகு அம்மா அதன் முன்னால் காலை நீட்டி உட்காருவாள். ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை மாவைத் தள்ளிவிடும். முதலில் உளுந்து, அப்புறம் அரிசி. எழுந்திருக்கும்போது வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். கோயம்புத்தூரில் 1955இலேயே சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கிவிட்டார். எங்கள் தெருவுக்கு அது வந்து சேர ரொம்ப நாளாயிற்று. அம்மா ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேச்செடுத்தாள். கல்லில் ஆட்டினால்தான் மாவு பொங்கும் என்றார் அப்பா. பெரியப்பாவும் ஆமாம் என்றார். கையால் ஆட்டிய மாவின் ருசியே தனி என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் குழவியைப் பிடித்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மா பதில் பேசவில்லை. அடுத்த வீட்டு டீச்சர் நடத்திய ஏலச்சீட்டில் சேர்ந்தாள். பணம் எப்படி வந்தது? மாசி, பங்குனியில் புளியும் வத்தலும் விலை இறங்கும்போது வருடத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுவாள். அதில் மிஞ்சியது. பழைய பேப்பர் போட்டது. தாய்மாமா பொங்கலுக்குக் கொடுத்தது. சீட்டை அவசரப்பட்டு எடுத்தால் தள்ளுபடியில் பணம் போய்விடும். கடைசிச் சீட்டுக்காரருக்குத் தள்ளுபடி கிடையாது. நடுவில் வீட்டில் எத்தனையோ செலவு வந்தும் அவள் வாயைத் திறக்காமல் கடைசிவரை காத்திருந்தாள். ஒருநாள் லாரி பார்சல் ஆபீஸிலிருந்து ஆள் வந்து கிரைண்டரை வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்துக் கேட்டான். அம்மா கையெழுத்துப் போட்டாள். அப்பா அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் இட்லியை எப்போதும்போல் சாப்பிட்டார்.

கிரைண்டர் ஓடும் நேரத்தில் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? வாசித்தாள். வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்து எடுத்து, முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டுத் தலைப்பைத் தன் கையால் எழுதுவாள். அவள் போன பிறகு டிரங்குப் பெட்டியில் அவற்றை எடுத்துப் பார்த்தோம். ஒரு கதையின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "முடிவு சரியில்லை. இவள் திரும்பிப் போயிருக்கக் கூடாது."

என் அம்மாவையும் தியாகி என்று எழுதிவிடலாம். யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பென்சில் வரியை எழுதியவளுக்கு அதில் இடம் எங்கே இருக்கிறது?

வேலைக்குப் போனதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்களில் அந்த வேலையைச் செய்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். அவர்களும் 97 நிமிடம். ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், இறந்துபோன இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சொன்னது. நிர்வாகம், சமையல், வைத்தியம், வரவு செலவு என்று அவள் பார்க்கும் வேலைகளை அந்தத் தீர்ப்பு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு நீதிபதி உட்கார்ந்து அவ்வளவு விவரமாகப் பார்க்கிறார். அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்த உங்களுக்கு நாலு வரிக்கு மேல் வரவில்லை என்றால் எப்படி?

இந்தத் தீர்ப்புகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் மலருக்கு அவை போதாது. மாதம் மூவாயிரம் என்றாலும் சரி, தியாகம் என்றாலும் சரி, நமக்குக் கிடைத்ததன் கணக்கைத்தான் எழுதுகிறோம். அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்பது இரண்டிலும் வராது. அப்புறம் இன்னொன்று. ஐந்தாவதோடு படிப்பை விட்டவர் என்கிறீர்கள். பத்து வயதுப் பிள்ளை தானாகவா விட்டிருக்கும்? யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளவா, வயதுக்கு வந்துவிடுவாள் என்ற பயத்திலா, பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில் இருந்ததாலா? விசாரித்து எழுதுங்கள். அவரிடமிருந்து பிடுங்கியதையும் அவரே விட்டுக்கொடுத்ததையும் ஒரே பட்டியலில் சேர்த்துத் தியாகம் என்று பெயர் வைக்காதீர்கள். அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

சித்தியிடம் அஞ்சலி உரை வாங்காதீர்கள். எழுதித் தரச் சொன்னால் அவரும் இதே தியாகத்தைத்தான் எழுதித் தருவார். போனிலும் வேண்டாம். நேரில் போங்கள், ஒருநாள் தங்குங்கள். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லாம் பிடிக்கும் என்றுதான் பதில் வரும். சண்டையைப் பற்றிக் கேளுங்கள். அக்காவும் தங்கையும் எதற்கு அடித்துக்கொண்டார்கள், எந்தப் பாவாடைக்கு, எந்த சினிமாவுக்கு? கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் அம்மா யாரோடு பேசாமல் இருந்தார், எதனால்? அப்பாவிடம் எந்த விஷயத்தில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை? வீட்டில் யாரும் இல்லாத நாளில் தனக்காக என்ன சமைத்துக்கொண்டார்? பெட்டியில், பீரோவில் துணிக்கு அடியில் என்ன வைத்திருந்தார் என்பதை நீங்களே திறந்து பாருங்கள். துணிமணிகளை யாருக்காவது தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள்.

மலரை அச்சுக்குக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. சித்திக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறுங்கள்.