பாட்டு ரெக்கார்டிங்: பண்டில் வாங்கலாமா?

கேள்வி: தங்கச்சி பாடுவா, நான் அக்குஸ்டிக் கிட்டார் வாசிப்பேன். வீட்லயே ரெக்கார்ட் பண்ண ஸ்கார்லெட் சோலோ ஸ்டுடியோ பண்டில் (மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, மைக், ஹெட்ஃபோன் எல்லாம் சேர்ந்த செட்) எடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ரெக்கார்ட் பண்ணப் போறீங்களா? ஆமான்னா சோலோ வேணாம், அதுல மைக் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருசாக்குற பகுதி) ஒண்ணுதான், கிட்டார்ல பிக்கப் (கம்பி அதிர்வை நேரா சிக்னலா மாத்துற கருவி) இல்லன்னா அதுக்கும் ஒரு மைக் வேணுமே, அதனால ரெண்டு ப்ரீஆம்ப் இருக்கிற, அதே ஸ்கார்லெட் வரிசையோட 2ஐ2 (2i2) ஸ்டுடியோ பண்டில் பாருங்க, ஆனா அந்தப் பண்டில்லயும் மைக் ஒண்ணுதான் வரும், ரெண்டாவது மைக்குக்கும் ஸ்டாண்டுக்கும் தனியா காசு எடுத்து வச்சுக்கோங்க. தனித்தனியா எடுத்து அப்புறம் சேர்த்துக்கிறதா இருந்தா சோலோவே தாராளமா போதும்.

பண்டில்ல வர்றது கண்டென்சர் மைக், அதுக்கு கரண்ட் வேணும், இன்டர்ஃபேஸ்ல இருக்கிற 48 வோல்ட் பட்டனை ஆன் பண்ணாதான் வேலை செய்யும். நானும் முதல் நாள் அது தெரியாம ஒரு மணி நேரம் கேபிளை மாத்தி மாத்திப் பார்த்தேன்! இந்த மைக் சீலிங் ஃபேன் சத்தம், தெருவுல போற பைக் எல்லாத்தையும் பிடிச்சிரும், அதனால ஃபேனை நிறுத்திட்டு, பாடுறவங்க முதுகுக்குப் பின்னாடி கனமான போர்வை ரெண்டு தொங்க விடுங்க, சிமெண்ட் சுவர் எதிரொலி நல்லாவே குறையும். தங்கச்சி உச்சத்துல பாடும்போது ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கிற மாதிரி கெயின் (மைக் சிக்னலைக் கூட்டிக் குறைக்கிற திருகு) வைங்க. குரல் ஹெட்ஃபோன்ல லேட்டா கேட்டா இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டரை (கம்ப்யூட்டர் வழியா சுத்தாம குரலை நேரா ஹெட்ஃபோனுக்கு அனுப்புற வசதி) ஆன் பண்ணுங்க, சரியாயிடும்.