கேமரா வாங்கிக் கொடுத்தால் போதாதா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் கலைக் கல்லூரியில் புகைப்படத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்க ஆசைப்படுகிறாள். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிற காலத்தில் நான்கு வருஷம் படிக்க அதில் என்ன இருக்கிறது? அந்தப் பணத்தில் நல்ல கேமரா ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: கேமரா தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அதைப் படிப்புக்கு ஈடாக வைக்காதீர்கள். அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்று படத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்புகளை எல்லாம் யூடியூப் பார்த்தே பழகிவிடலாம். அதற்காக யாரும் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை.

1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்தார். விமானத்தை எடுத்ததோடு அவர் திருப்தியடையவில்லை. கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரதிகளை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். கல்வெட்டு முழுவதையும் காட்ட வேண்டும் என்று முதலில் தோன்ற வேண்டும். அப்புறம் எவ்வளவு தள்ளி நிற்பது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நகர்வது, எந்த வெயிலில் எழுத்து தெரியும் என்று யோசிக்க வேண்டும். இதில் எதையும் கேமரா முடிவு செய்யாது.

அப்படி முடிவெடுக்கும் பயிற்சிதான் கலைக் கல்லூரியில் கிடைப்பது. கோட்டோவியம் போட வைப்பார்கள், கலை வரலாறு படிக்க வைப்பார்கள். எடுத்த படங்களைச் சுவரில் மாட்டி, வகுப்பு முழுக்க நின்று 'இது எதற்கு?' என்று கேட்கும். பாதிப் படங்களைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டியிருக்கும். வலிக்கும். வீட்டில் நீங்களும் நானும் 'சூப்பர்மா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர். மாணவியாக இருந்தபோது தபேலா கலைஞர் ஜாகிர் உசேனைத் தொடர்ந்து எடுத்த படங்களே 1986இல் அவருடைய முதல் புத்தகமாயின. 2022இல் புகைப்படத்துக்கான சர்வதேச விருதான ஹாசல்பிளாட் விருதைப் பெற்றார். படிக்காமல் சாதித்தவர் இல்லையா என்றால், உண்டு. புகைப்படக் கலைஞர் ரகு ராய் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். ஆனால் அவருக்குப் பத்திரிகை அலுவலகமே பள்ளிக்கூடமாக இருந்தது. இன்று எத்தனை பத்திரிகைகள் ஒரு புதியவரை அப்படி வளர்க்கின்றன?

சம்பளத்துக்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது. படித்து முடித்த பிறகு அவள் சில வருஷம் கல்யாண வீடுகளில் படம் எடுக்க வேண்டியிருக்கலாம். அது கேவலமான வேலை இல்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில். விளம்பரத்தில் புகைப்படம் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, ஒன்றிரண்டு தாள்களோடு முடித்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போய், கடைசி வருஷ மாணவர்கள் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பேர் படமும் ஒரே ஆள் எடுத்த மாதிரி இருந்தால் அங்கே சேர்க்காதீர்கள்.